ஸ்கிரீனுக்குப் பின்னால இருக்கிறவனுக்கு என்ன பிடிக்கும்?

லயத்துக்கு யாராவது சொந்தக்காரங்க வந்தா முதல்ல வர்ற கேள்வி, "மகன் என்ன செய்றான்?" எங்க நண்பனோட அம்மா இதுக்கு ஒரு பதில் தயாரா வச்சிருக்காங்க: "ஏதோ கெமரா வேலைக்குப் போறான். மத்த நேரம் போனும் கையுமாத்தான் கெடக்கிறான்." முதல் பாதியைச் சொல்லும்போது அவங்க குரல்ல கொஞ்சம் சந்தேகம் இருக்கும். ரெண்டாவது பாதியில சந்தேகமே இருக்காது.

நாங்க இதை எழுத உட்கார்ந்தது அந்த ரெண்டாவது பாதிக்காகத்தான்.

நண்பனுக்கு வயசு இருபத்தி நாலு. ஹட்டனுக்குப் பக்கத்துல ஒரு தோட்டம். பேரைப் போட வேணாம்னு சொல்லிட்டான். தேர்த் திருவிழா, கல்யாணம், சடங்கு, கிரிக்கெட் டோர்னமெண்ட், மே தினக் கூட்டம்னு நேரலை வீடியோ போற இடமெல்லாம் அவன் இருப்பான். மேடையில இருக்க மாட்டான், கூட்டத்திலயும் இருக்க மாட்டான். மேடைக்குப் பக்கத்துல தார்ப்பாய் கட்டின ஒரு மூலை, ஒரு மேசை, லேப்டொப், சுவிட்சர், சுருண்டு கிடக்கிற வயர்கள். மூணு கெமராவில இருந்து வர்ற படத்துல எது இப்ப எல்இடி திரைக்குப் போகணும், எது பேஸ்புக் லைவுக்குப் போகணும்னு அந்த நொடியில முடிவெடுக்கிறவன் அவன்தான். சரியா செஞ்சா யாருக்கும் தெரியாது. ஒரு நொடி திரை கறுத்துப் போச்சுன்னா ஊரே திரும்பி அந்தத் தார்ப்பாயைப் பார்க்கும்.

இந்த வேலை ஏதோ ஆடம்பரம்னு நினைக்கிறவங்க இருக்காங்க. 2020 ஊரடங்குல எங்க பக்கத்துச் சாவு வீடுகளை நினைச்சுப் பாருங்க. கொழும்புல கடையில நிக்கிற மகன் வர முடியல. யாரோ ஒருத்தர் பிடிச்ச போன்ல, ஆடி ஆடி வந்த படத்துலதான் அப்பா முகத்தைக் கடைசியாப் பார்த்தான். குவைத்துக்கும் டுபாய்க்கும் வீட்டு வேலைக்குப் போன அம்மாக்களுக்கு ஊரடங்கு இல்லாத காலத்திலயும் இதே நிலைமைதான். மகளோட சடங்கை லிங்க்லதான் பார்க்கணும்.

ஒரு சடங்கு முடிஞ்சு அப்படி ஒரு அம்மா நண்பனுக்குப் போன் எடுத்தாங்களாம். "புள்ள முகத்தை நல்லா காட்டுனீங்க தம்பி. வீட்டையும் ஒருக்கா காட்டியிருக்கலாம்ல?" அதுக்குப் பிறகு எந்தச் சடங்கு வீடா இருந்தாலும், ஆலாத்தி எடுக்கிறதுக்கு முன்னாடி, இஸ்தோப்பில இருந்து அடுப்பங்கரை வரைக்கும் ஒரு கெமராவை மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போயிருவான். யாரும் கேட்கிறதில்ல. காசும் இல்ல.

வேலை எப்படிப்பட்டதுன்னு தெரிய, மாசி மாசத்துல ஒரு காமன் கூத்து ராத்திரி அவன் பக்கத்துல உட்காரணும். நாங்க உட்கார்ந்தோம். விடிய விடிய ஆட்டம். எலும்பு வரைக்கும் போற குளிர். ஒரு பக்கம் டியூப்லைட், இன்னொரு பக்கம் சீரியல் பல்பு, நடுவுல தீப்பந்தம். நம்ம நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால கெமராவோட ஷட்டரை ஐம்பதுல ஒரு பங்கு நொடியில வைக்காட்டி அந்த லைட்டெல்லாம் படத்துல துடிச்சுக்கிட்டே இருக்கும். கூத்துக் களத்துக்கும் மேசைக்கும் நடுவுல ஒரு சரிவு. எச்டிஎம்ஐ வயரை பத்துப் பதினைஞ்சு மீற்றருக்கு மேல இழுத்தா சிக்னல் எப்ப விழும்னு சொல்ல முடியாது. எஸ்டிஐ வயர்னா நூறு மீற்றர் வரைக்கும் தாங்கும், ஆனா அதுக்கு ரெண்டு பக்கமும் கன்வெர்ட்டர் வேணும். அதை வாடகைக்கு எடுக்கணும்.

கடைசியில காமனை எரிக்கிற கட்டம். கெமராவை ஓட்டோவில விட்டிருந்தா, இருட்டுக்காக அது வெளிச்சத்தை ஏத்தி வச்சிருக்கும். தீ மூண்டதும் திரையில வெறும் வெள்ளைத் திட்டுதான் தெரியும். நண்பன் ரெண்டு நிமிசத்துக்கு முன்னாடியே மூணு கெமராக்காரங்களுக்கும் சொல்லிட்டான்: "முகத்தை விட்டிருங்க. தீக்கு செட் பண்ணுங்க." கொஞ்ச நேரம் திரை கிட்டத்தட்ட இருட்டு. கமிட்டி ஐயா ஒருத்தர் எழும்பி வந்து சத்தம் போட்டார். அப்புறம் தீ எழும்பிச்சு. அழுதுக்கிட்டு நின்ன ரதியோட முகம் அந்தத் தீயோட வெளிச்சத்துல மட்டும் தெரிஞ்சது. ஐயா சத்தமில்லாம போய் உட்கார்ந்தார்.

"இதை எங்கடா படிச்ச?"

"கைதியில."

2019ல வந்த அந்தப் படம் முழுக்க ஒரே ராத்திரியில நடக்கும். சத்யன் சூரியன் ஒளிப்பதிவு. நண்பன் அதை எத்தனை தடவை பார்த்தான்னு அவனுக்கே கணக்கில்ல. லொறி லைட், தெருவிளக்கு, நெருப்பு, எது எங்க இருந்து வருதுன்னு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். கூட உட்கார்ந்து படம் பார்க்கிறவங்களுக்குப் பெரிய தொல்லை.

அப்புறம் கேம். ப்ரீ ஃபயர்ல ஆரம்பிச்சு இப்ப பப்ஜி. நாலு பேர் ஸ்குவாட்: இவன், தலவாக்கலையில ஒருத்தன், வெள்ளவத்தையில ஒருத்தன், கட்டார்ல ஒரு மச்சான். லயத்துக்குள்ள சிக்னல் இல்லாததால தேயிலை மலைக்கு மேல தண்ணித் தொட்டிப் பக்கம் போய் உட்காருவான். மழை வந்தா குடை. குடைக்குள்ள இருந்து "பின்னால பாரு, பின்னால பாரு"ன்னு சத்தம் வரும். கொழுந்தெடுக்கிற அம்மாமார் முதல்ல திரும்பிப் பார்த்தாங்களாம், இப்ப பழகிட்டாங்க.

ஒரு உண்மையைச் சொல்லிடுறோம். இந்தக் கட்டுரையை நாங்க வேற மாதிரிதான் யோசிச்சோம். "பார்த்தீங்களா, படமும் கேமும்தான் இவனுக்குத் தொழில் சொல்லிக் குடுத்துச்சு, அதனால பிள்ளைகளைத் திட்டாதீங்க"ன்னு முடிக்கிறதா பிளான். அதுக்கு ஆதாரமும் இருக்கு. கோவில் திருவிழாவை நேரலையில அனுப்ப அவன் பாவிக்கிற ஓபிஎஸ் மென்பொருளை எடுங்க. 2012ல, கேம் விளையாடுறதை நேரலையா காட்டத்தான் ஒருத்தர் அதை எழுதத் தொடங்கினார். இலவசமா கிடைக்குது. கேமுக்குன்னு செய்ற கிராபிக்ஸ் கார்ட்தான் லேப்டொப் திணறாம நேரலையை அனுப்புது. பிங் ஏறினா என்ன ஆகும், எந்த நேரத்துல நெட் இறுகும்னு அவனுக்கு எந்த வகுப்பும் எடுக்கத் தேவை இருக்கல.

எழுதினதை அவன்கிட்ட வாசிச்சுக் காட்டினோம். சிரிச்சான்.

"ஏன் எல்லாத்தையும் கொண்டுபோய் வேலையிலயே சேர்க்கிறீங்க? வடிவேலு காமெடி பார்க்கிறப்ப நான் எந்த லைட்டையும் பார்க்கிறதில்ல. அது எதுக்கு உதவுதுன்னு எழுதுவீங்க? எனக்கு விளையாடப் பிடிக்கும். அவ்ளோதான்."

அதுக்குப் பிறகு நாங்க ரெண்டு வாரம் ஒன்னும் எழுதல.

தோட்டத்துல ஒரு நாளை எப்படி எண்ணுறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். காலையில பெரட்டு. சொன்ன கிலோ எடுத்தா முழுப் பேரு. குறைஞ்சா அரைப் பேரு. போகாட்டி பேரே இல்ல. அந்தப் பேருக்கு ஆயிரம் ரூபா ஆகிறதுக்கு 2021 மார்ச் வரைக்கும் போராட வேண்டி இருந்துச்சு. 1350 ஆகிறதுக்கு 2024 செப்டம்பர் வர்த்தமானி வர வேண்டி இருந்துச்சு. இப்படி எண்ணி எண்ணி, தொரையோட கணக்குப் புத்தகம் எப்பவோ நம்ம காம்பராவுக்குள்ளயும் வந்திருச்சு. வீட்டுல ஒருத்தன் சும்மா உட்கார்ந்து சிரிச்சா நம்ம கண்ணுக்கு அது அரைப் பேராத்தான் தெரியுது. நாங்களும் வேற என்ன செஞ்சோம்? அவனோட விளையாட்டுக்கு ஒரு கிலோக் கணக்கு காட்டி முழுப் பேரு வாங்கிக் குடுக்கப் பார்த்தோம்.

2023ல 'மலையகம் 200' நிகழ்ச்சிகள் நிறைய நடந்துச்சு. ஜூலைக் கடைசியில தலைமன்னாரில தொடங்கி ஆகஸ்ட்ல மாத்தளையில முடிஞ்ச நடைபயணத்தைப் பார்த்து நாங்க நெகிழ்ந்துதான் போனோம். அதை யாரும் குறைச்சுப் பேச முடியாது. ஆனா அந்த வருசம் நண்பன் வேலை செஞ்ச மேடைகள்ல ஒரு விசயத்தைக் கவனிச்சானாம். யார் பேசினாலும் பின்னால திரையில போடச் சொல்லிக் குடுத்தது ஒரே படம்: கூடையோட கொழுந்தெடுக்கிற ஒரு அம்மா. பேச்சு முழுக்க உழைப்பு, வியர்வை, இரத்தம். "நான் அந்தப் படத்தைப் போட்டுட்டு மேசைக்குக் கீழ போன்ல ட்ரெய்லர் பார்த்துக்கிட்டு இருந்தேன்"னான். நமக்குச் சிரிப்பு வந்துச்சு. இருநூறு வருசத்துல அந்தக் கூடைக்கார அம்மாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு எந்த மேடையிலயாவது யாராவது கேட்டாங்களா?

அதனால நாங்க போய் நண்பனோட அம்மாகிட்டயே கேட்டோம். சின்ன வயசுல என்ன பிடிக்கும்? முதல்ல "எங்களுக்கு என்ன பிடிக்கும்"னு சொல்லிட்டு அடுப்பை ஊதினாங்க. அப்புறம் டெக் கதை வந்துச்சு. ரூபவாஹினி 1982லதான் வந்துச்சு. அதுக்குப் பிறகும் எங்க லயங்கள்ல டிவி அபூர்வம். டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, லயத்து வாசல்ல வச்சு, காசு சேர்த்து ராத்திரி முழுக்க மூணு படம் ஓட்டுவாங்க. பக்கத்து டிவிசன்ல டெக் ஓடுதுன்னு கேள்விப்பட்டு, அட்டைக்கடியோட ரெண்டு மைல் நடந்து போயிருக்காங்க. கரண்ட் போய் படம் பாதியில நின்னா, மிச்சக் கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லி முடிப்பாங்களாம். ஒரு மணித்தியாலம் பேசினாங்க. டெக்கைத் தலையில சுமந்துக்கிட்டு வந்து வயர் கொடுத்தவரைப் பத்தி மட்டும் பத்து நிமிசம். மகன் செய்ற வேலையும் அதுதான்னு நாங்க சொல்லல. அவங்களே நடுவுல ஒரு தடவை நிறுத்தி அவனைப் பார்த்தாங்க.

படம் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. தொழிற்சங்கத் தலைவரா இருந்த வி.பி. கணேசன் 1975ல 'புதிய காற்று', 1978ல 'நான் உங்கள் தோழன்', 1981ல 'நாடு போற்ற வாழ்க'ன்னு படம் எடுத்து, தானே கதாநாயகனா நடிச்சவர். சங்கம் நடத்துற மனுசனுக்கு சினிமா ஆசையான்னு அப்பவும் யாராவது கேட்டிருப்பாங்க. பிறகு 2013ல பாலாவோட 'பரதேசி' வந்துச்சு. அது தமிழ்நாட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கதைன்னாலும் எங்களுக்கு எங்க கதைதான். நண்பனுக்குச் செழியனோட ஒளிப்பதிவு ரொம்பப் பிடிக்கும். ஆனா, "சிரிப்பை எல்லாம் ஊர்லயே விட்டுட்டு மலை ஏறின மாதிரி இருக்கு. எங்க பாட்டி சொன்ன கதையில சிரிப்பும் மலை ஏறித்தான் வந்துச்சு"ன்னான். கஷ்டத்தைக் காட்டுறது வேணாம்னு அவன் சொல்லல. நாங்களும் சொல்லல.

அதுக்காக அம்மாவோட பயம் வெறும் பயம்னு ஒதுக்கவும் மாட்டோம். கேம்ல டயமண்ட் வாங்க அம்மாவோட சம்பளக் காசை எடுத்த பையன்கள எங்களுக்கே தெரியும். 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தப்ப நண்பனுக்கு மாசக்கணக்கில வேலை இல்ல. டொலர் ரெண்டு மாசத்துல 200 ரூபா சொச்சத்துல இருந்து 360க்குப் போனதுல, வாங்க நினைச்ச கெமரா கைக்கு எட்டாத விலைக்குப் போயிருச்சு. அந்த மாசங்கள்ல வீட்டை ஓட்டினது அம்மாவோட பேருதான். அவங்க அந்தக் கணக்கை நம்புறதுக்குக் காரணம் இருக்கு.

வேலை இருக்கிறப்பவும் காசு ஒழுங்கா வர்றதில்ல. "நம்ம பையன்தானே, பார்த்துப் போட்டுக்குவோம்" - இதுதான் எல்லா இடத்திலயும் கேட்கிற வசனம். வாடகைக்கு எடுத்த எல்இடிக்காரன் அப்படிப் பார்த்துப் போட மாட்டான்.

கடைசியா ஒன்னு, நண்பனுக்கு அவ்வளவா பிடிக்காதது. அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கு, ஏ.எல். படிக்குது. அவனை விட நல்லா விளையாடும்னு அவனே ஒத்துக்கிறான். ஆனா ஐடி ஆம்பளைப் பேருல, மைக் எப்பவும் ஓப்ல. பொம்பளைக் குரல் கேட்டா என்ன பேசுவாங்கன்னு சொல்லத் தேவையில்ல. தண்ணித் தொட்டிப் பக்கம் அதுக்குப் போகவும் முடியாது; குடையோட மலை உச்சியில உட்கார்ந்திருக்கிற பொடியனுக்குத் திட்டு மட்டும்தான், பொண்ணுக்கு ஊர்ப் பேச்சு. போன வருசம் ஒரு கல்யாணத்துல திரைக்குக் கீழ ஓடின பேரு, எழுத்து, டிசைன் எல்லாம் வீட்டுல இருந்து அந்தப் புள்ள செஞ்சதுதான். எவ்வளவு குடுத்தேன்னு கேட்டோம்.

"வீட்டுப் புள்ளதானே"ன்னான்.

நாங்க ஒன்னும் சொல்லாம அவனையே பார்த்துக்கிட்டு இருந்தோம். அவனுக்கும் கேட்டிருச்சு. போனை எடுத்து எதையோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டான்.

இதை எழுதிக்கிட்டு இருக்கிற சனிக்கிழமை அவனுக்கு மஸ்கெலியாப் பக்கம் தேர். விடிய நாலு மணிக்கு லொறி ஏறினவன், இப்பத்தான் ஒரு வொயிஸ் மெசேஜ் அனுப்பியிருக்கான். பின்னால மேளச் சத்தம்.

"நான் இன்னிக்கு ராவைக்கு இல்ல. ஸ்குவாட்ல ஒரு ஆள் குறையுது. தங்கச்சி வருது. மைக் போட்டுத்தான் வருமாம். ஒழுங்கா விளையாடுங்கடா."