டயர்ல காத்தைக் குறைங்க, மாட்டை அப்புறம் தேடலாம்

"டிராக்டர் வந்துச்சு, மண்ணு செத்துச்சு." இந்த ஒத்தை வரியை வச்சே நம்மாளுங்க எத்தனை பக்கம் எழுதித் தள்ளியிருக்காங்க! ஏர் பூட்டின காளை, சாணி வாசம், தாத்தா, கடைசியில கண்ணோரமா ரெண்டு சொட்டு. (எழுதுறவர் உட்கார்ந்திருக்கிறது சென்னையில ஏசி ஆபீஸ்ல. கோவிச்சுக்காதீங்க மக்கா :-)) எதிர்க் கோஷ்டி இன்னும் மோசம். அவங்களுக்கு விவசாயின்னா ஒண்ணும் தெரியாத அப்பாவி. பெரிய டிராக்டரும் பெரிய மானியமும் கொடுத்துட்டா விளைச்சல் தானா கொட்டும். ரெண்டு கோஷ்டியிலயும் ஒருத்தர்கூட வண்டி பக்கத்துல குனிஞ்சு டயரைப் பார்த்ததா தெரியல.

மண்ணை இறுக்கி விளைச்சலைத் தின்னுறது மூணு விஷயம். டயர்ல இருக்கிற காத்து, அச்சு மேல ஏறுற எடை, வயல்ல இருக்கிற ஈரம். இந்த மூணையும் முடிவு பண்றவர் ஒருத்தர், நஷ்டப்படுறவர் இன்னொருத்தர். என் கோபமெல்லாம் அங்கதான்.

கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நல்ல மண்ணுல ஏறத்தாழ பாதி இடம் வெறும் ஓட்டை. காத்தும் தண்ணியும் அதுலதான் இருக்கும், வேரும் அதுலதான் நுழையும். டயர் ஏறினா மொதல்ல நசுங்குறது பெரிய ஓட்டைகள். டயர் எவ்வளவு அழுத்துதுன்னு தெரிஞ்சுக்கப் பெரிய கணக்கு வேண்டாம். உள்ளே என்ன காத்து இருக்கோ கிட்டத்தட்ட அதே அழுத்தம்தான் மண்ணுக்கும். டயர் சுவர் விறைப்பா இருந்தா இன்னும் கொஞ்சம் கூடும். இது மேல் மண்ணோட கதை. ஓரடிக்குக் கீழே போகப் போக, காத்தை விட அச்சு தாங்குற எடைதான் பேசும். ஈர மண்ணுல ரெண்டுமே ஆழமா இறங்கும். முதல் தடவை சக்கரம் ஏறும்போதே பெரும்பகுதி இறுக்கம் முடிஞ்சு போயிடும், அதனால "ஒரே ஒரு ஓட்டு ஓட்டிட்டுப் போயிடுறேன்"ங்கிறது சமாதானமே இல்ல.

இப்ப எங்க பள்ளிப்பட்டுக்கு வாங்க. திருத்தணி மலையைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டின ஊர். வண்டி நம்பர் பலகையில டி.என்.னும் இருக்கும், ஏ.பி.யும் இருக்கும். "நைனா, நாளைக்கு வண்டி வருமா?"ன்னு தமிழ்லயும் கேட்பாங்க, தெலுங்குலயும் கேட்பாங்க. கரும்பு, நெல், வேர்க்கடலை, மாங்கா. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவர் சொந்தமா டிராக்டர் வாங்க முடியாது. மணிக் கணக்கு வாடகைதான்.

அந்த வாடகை வண்டி காலையில செங்கல் அடிச்சிருக்கும், மதியம் உழவுக்கு வரும். ரோட்டுல பாரம் இழுக்கணும்னா பின் டயர்ல காத்து கெட்டியா இருக்கணும். வயலுக்கு 12லேர்ந்து 14 பவுண்டு போதும். டிராக்டரோட வர்ற கையேட்டைப் பிரிச்சா அந்தச் சுத்துலதான் போட்டிருக்கும். ஆனா கையேட்டை யார் பிரிக்கிறா? காத்து அளக்குற மீட்டர் வச்சிருக்கிற டிராக்டர்காரரை எங்க பக்கம் நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். காலால டயரை ஒரு உதை, "போதும்ணே, கிளம்புங்க", அவ்வளவுதான் அளவு. அதுக்கு மேல, வழுக்காம இருக்கணும்னு பின் டயர்ல தண்ணி வேற அடைச்சிருப்பாங்க. ஆழ உழவுக்கு அந்த எடை வேணும், ஒத்துக்கிறேன். விதைக்கும்போதும் அதே தண்ணியைச் சுமந்துக்கிட்டு வயல் முழுக்கச் சுத்துறது எதுக்கு?

டிராக்டர்காரர் மேல பழி போட நான் வரல. காத்தை இறக்கிட்டு வயல்ல இறங்கி, திரும்ப ரோடு ஏறும்போது காத்து அடிக்கிற அரை மணி நேரத்துக்கு அவருக்கு யார் காசு கொடுக்கிறா? காத்து குறைஞ்ச டயரோட தார் ரோட்டுல பாரம் இழுத்தா தேயறது அவரோட டயர். கெட்டிக் காத்தோட வயல்ல இறங்கினா இறுகுறது அடுத்தவன் மண்ணு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

கரும்பு இன்னும் கொடுமை. திருவாலங்காட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குத்தான் எங்க பக்கத்துக் கரும்பு போகும். வெட்டு உத்தரவு வந்துட்டா வெட்டியே ஆகணும், மழை பெஞ்ச ஈரம் காஞ்சுதா இல்லையான்னு யாரும் கேட்கிறதில்ல. வெறும் டிராக்டர் ரெண்டு டன் சொச்சம். பாரம் ஏத்தின டிரெய்லரோட சேர்த்தா பத்து டன்னைத் தாண்டும். டிரெய்லர் டயர் வேற லாரி டயர் மாதிரி கல்லா இருக்கும். அது நடு வயலுக்குள்ள வந்து நிக்கும். அடுத்த வருஷம் கட்டைக்கரும்பு அந்தத் தடத்துல குட்டையா, மஞ்சளா நிக்கும்போது "யூரியா பத்தல"ன்னு இன்னொரு மூட்டை வாங்கிப் போடுவோம்.

வேர்க்கடலைக்கு வேற மாதிரி அடி. பூ பூத்து விழுது மண்ணுக்குள்ள இறங்கினாத்தான் காய். மேல் மண்ணு இறுகினா விழுது இறங்கத் திணறும், இறங்கிப் பிடிச்ச காயும் பிடுங்கும்போது மண்ணுக்குள்ளயே அறுந்து நின்னுடும்.

"அதுக்குத்தான் மாடு"ன்னு ஆரம்பிக்காதீங்க. மாட்டோட குளம்பு சின்னது. அது மண்ணுல கொடுக்கிற அழுத்தம், காத்து சரியா வச்ச டிராக்டர் டயரோடதை விடக் குறைச்சல் இல்ல, சொல்லப்போனா கூடத்தான். மொத்த எடை கம்மிங்கிறதால ஆழமா போகாது, அதுதான் வித்தியாசம். வருஷா வருஷம் ஒரே ஆழத்துல உழுதா நாட்டுக்கலப்பைகூட அடியில ஒரு கெட்டித் தட்டை உண்டாக்கும். இப்ப எல்லாரும் கொண்டாடுற ரோட்டாவேட்டரும் அதே வேலையைத்தான் பண்ணுது. மேல நாலஞ்சு அங்குலம் மாவு மாதிரி, கீழே சிமெண்ட் தரை. நெல்லுக்கு அந்தத் தட்டு நல்லதுதான், தண்ணியைப் பிடிச்சு வைக்கும், சேத்துழவே அதுக்குத்தான். அதே வயல்ல அடுத்து கடலை போடும்போதுதான் வினை.

குளிர் நாடுகள்ல உறைபனி மண்ணை ஓரளவு விரிச்சுக் கொடுக்கும். அங்கேயே அடிமண் இறுக்கம் வருஷக்கணக்கா போகாதுன்னு ஸ்வீடன்காரங்க வயல்ல சோதிச்சுச் சொல்லியிருக்காங்க. கரிசலாவது கோடையில வெடிச்சுக் கொஞ்சம் தளரும். எங்க செம்மண்ணுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. 2022ல தாமஸ் கெல்லர், டானி ஓர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை போட்டாங்க. 1958ல பாரத்தோட சுமார் 4 டன் இருந்த அறுவடை இயந்திரம் இப்ப 36 டன் ஆயிடுச்சு, பெரிய டைனோசருங்க எடைக்குக் கிட்ட வந்தாச்சுன்னு. டயரை அகலமாக்கி அகலமாக்கி மேல் மண்ணு அழுத்தத்தைச் சமாளிச்சுட்டாங்க, அடிமண்ணு மாட்டிக்கிச்சு. நம்மூர் வண்டி அவ்வளவு பெருசில்ல. ஆனா நம்மகிட்ட அந்த அகல டயரும் இல்லையே!

வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த மாதிரி டயரை நாமதான் செய்யறோம். திருநெல்வேலி கங்கைகொண்டான்ல இருக்கிற அலையன்ஸ் டயர் ஆலையை (2016ல ஜப்பான் யோகோஹாமா அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு) எடுத்துக்கோங்க, பி.கே.டி.யை எடுத்துக்கோங்க. விவசாய டயர் செஞ்சு வெளிநாட்டுக்கு ஏத்துறாங்க. கம்மிக் காத்துல அகலமா உட்கார்ற ரேடியல் டயர் ஐரோப்பாக்காரன் வயலுக்கு. நம்ம வண்டிக்குப் பெரும்பாலும் அதே பழைய விறைச்ச பயஸ் டயர். மத்திய அரசோட வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15ல ஆரம்பிச்சது. அதுல டிராக்டர் மானியம் குதிரைத்திறனைப் பார்த்துத்தான். டயரையும் பார்த்துக் கொடுத்தா என்னவாம்?

விவசாயிக்குப் புரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. நெல் அறுக்க ஈர வயல்ல டயர் வண்டி வேண்டாம், வாடகை கூட ஆனாலும் பெல்ட் வண்டிதான் வேணும்னு கேட்டு வாங்குறவர் அவர். கண்ணுக்குத் தெரியுற சேதத்துக்குக் காசு கொடுக்கத் தயாராத்தான் இருக்கார். இது கண்ணுக்குத் தெரியாத சேதம், அதைக் காட்ட வேண்டியது யார் வேலை?

வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடுற ஒவ்வொரு டிராக்டர்லயும் ஒரு காத்து மீட்டர் இருக்கட்டும், வயல்ல எத்தனை பவுண்டுன்னு ரசீதுலயே எழுதட்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் எத்தனையோ வருஷமா உளிக்கலப்பையைச் சொல்லிட்டு இருக்கு: அரை மீட்டர் இடைவெளியில குறுக்கும் நெடுக்குமா, 3 வருஷத்துக்கு ஒரு தடவை, கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம். உழவு சீசன்ல கேட்ட நாளுக்குக் கிடைக்கிற மாதிரி அதை ஒவ்வொரு ஒன்றியத்துலயும் வைங்க. ஆனா உளி போட்ட அடுத்த வாரமே கெட்டிக் காத்து வண்டியை ஈரத்துல இறக்கினா மறுபடி பழைய குருடி கதைதான், தளர்ந்த மண்ணு இன்னும் வேகமா இறுகும். ஆலைக்காரங்க மழைக்கு அப்புறம் ஒரு வாரம் வெட்டைத் தள்ளிப்போட இடம் கொடுக்கட்டும், இல்லேன்னா டிரெய்லரை வரப்போரத்துல நிறுத்திக் கட்டைத் தூக்கிட்டு வர்ற கூலியில பங்கு கொடுக்கட்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போய் "மண் செத்துச்சு"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. நல்ல மழை பெஞ்ச ரெண்டாம் நாள், சுண்டு விரல் தடிமன்ல ஒரு கம்பி எடுத்துட்டுப் போங்க. வயல் நடுவுல ஒரு குத்து, டிராக்டர் திரும்புற வரப்போரத்துல ஒரு குத்து. எங்க எத்தனை அங்குலத்துல நின்னுச்சுன்னு எழுதுங்க. காளைமாட்டுப் படத்தைவிட எனக்கு அதைப் படிக்கத்தான் ஆசை.