“மிலிட்டரி பேக்” வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

1/ போன மாசம் ஓபிக்கு ஒரு தம்பி வந்தார். 19 வயசு, அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிட்டு இருக்கார். “சார், வலது கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. வலி பெருசா இல்ல. அதனால ரெண்டு வாரம் விட்டுட்டேன்.” சுவத்துல ரெண்டு கையையும் ஊனித் தள்ளச் சொன்னேன். வலது தோள்பட்டை எலும்பு மட்டும் இறக்கை மாதிரி முதுகை விட்டு வெளிய எழும்பி நின்னுச்சு.

2/ என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். ஆன்லைன்ல “மிலிட்டரி கிரேடு” பேக் ஒண்ணு வாங்கி, அதுல 20 கிலோ மணல் போட்டு தினமும் கிரவுண்டுல ஓடியிருக்கார். அவர் எடை 58 கிலோ. அதாவது உடம்புல மூணுல ஒரு பங்கு எடை, ரெண்டு தோள்பட்டைப் பட்டையில மட்டும்.

3/ இதுக்கு மருத்துவத்துல பேரே இருக்கு: ரக்சாக் பால்ஸி. கழுத்துல இருந்து கைக்குப் போற நரம்புக் கொத்து, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவுல போகுது. பட்டை அங்க அழுத்தினா நரம்பு நசுங்கும். மரத்துப்போகும், கை பலம் குறையும். வலி பல நேரம் இருக்காது. ஆபத்தே அதுதான்.

4/ பெரும்பாலானவங்களுக்கு சில வாரம், சில மாசத்துல சரியாகிடும். சிலருக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். ரேலி தேதி அதுவரைக்கும் காத்திருக்குமா?

5/ இப்போ என் கோபத்துக்கு வர்றேன். “மிலிட்டரி கிரேடு” என்பது பைக்கு யாரும் கொடுக்கிற சான்றிதழ் கிடையாது. விளம்பரத்துல அடிக்கடி வர்ற மில்-எஸ்டிடி-810, கருவிகளை வெயில், மழை, அதிர்வுல எப்படிச் சோதிக்கணும்னு சொல்ற அமெரிக்க ராணுவக் கையேடு. உங்க தோளுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

6/ “1000டி துணி சார், கிழியவே கிழியாது.” டி-ன்னா டெனியர். 9,000 மீட்டர் நூலோட எடை கிராம் கணக்குல. நூல் தடிமனா இருக்குன்னு சொல்லுது, அவ்வளவுதான். பை கிழியாது, சரி. நரம்பு?

7/ நிஜ ராணுவம் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. அமெரிக்க ராணுவம் 1970-கள்ல கொண்டுவந்த ஆலிஸ் பேக்குக்கு உலோகச் சட்டம், இடுப்புப் பட்டை. அதுக்கு அப்புறம் வந்த மோலி பெரிய பேக்குலயும் சட்டம், தடிமனான இடுப்புப் பட்டை. எடையைத் தோள்ல இருந்து இடுப்புக்கு இறக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

8/ நம்ம ஊர்ல “ஆர்மி பேக்”னு விக்கிறதுல பெரும்பாலும் இது ரெண்டும் இல்ல. சிப்பாய் குறைஞ்ச சுமைக்கு எடுத்துட்டுப் போற சின்னப் பையோட நகல் அது. பச்சை நிறத்தையும் வெளிப்பட்டைகளையும் காப்பி அடிச்சாங்க, முதுகெலும்பை விட்டுட்டாங்க.

9/ அப்போ எதைப் பாத்து வாங்கணும்?

அ) இடுப்புப் பட்டை. நாடா மாதிரி மெலிசா இருந்தா அது பை ஆடாம இருக்க மட்டும்தான். பஞ்சு வச்சு, உள்ளங்கை அகலத்துக்கு, இடுப்பு எலும்பு மேல உக்காரணும்.

ஆ) உள்ள சட்டமோ அலுமினியப் பட்டையோ இருக்கணும். இல்லன்னா எடை இடுப்புக்கு இறங்காது, பை மடிஞ்சு தோள்லயே தொங்கும்.

10/ இ) உங்க முதுகு நீளம். உயரம் இல்ல. தலையைக் குனிஞ்சா பின்கழுத்துல துருத்துற எலும்புல இருந்து, இடுப்பு எலும்பு மேல்விளிம்பு மட்டம் வரைக்கும் டேப் வச்சு அளங்க. ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகு இருக்கலாம்.

ஈ) பை சீக்கிரம் போறது துணியில இல்ல, பட்டை சேர்ற மூட்டுலயும் ஜிப்லயும். அந்த மூட்டுல நெருக்கமா பலமுறை அடிச்ச தையல் இருக்கான்னு திருப்பிப் பாருங்க.

11/ கடையிலேயே ஒரு சோதனை. பைக்குள்ள 10 கிலோ போடச் சொல்லுங்க. முதல்ல இடுப்புப் பட்டையை இறுக்குங்க, அப்புறம் தோள் பட்டை. இப்போ தோள் பட்டையைத் தளர்த்துங்க. எடை இடுப்புலயே நின்னா நல்ல பை. மொத்தமா சரிஞ்சு தோளை இழுத்தா, அப்படியே வச்சுட்டு வந்துடுங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

12/ கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கணும். வெளிப்பட்டைகள்ல பாட்டில், பவுச்னு தொங்கவிட்டா எடை பின்னாடி போகும், நீங்க முன்னாடி கூனுவீங்க. மொத்தச் சுமை உடல் எடையில 20 சதவீதத்துக்குள்ள இருக்கட்டும். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ.

13/ “சிப்பாய் 30 கிலோ தூக்குறாரே டாக்டர்?” தூக்குறார். பல மாசப் பயிற்சியில படிப்படியா ஏத்தி. அவங்களுக்கும் இந்த வாதம் வருது. இந்த நோயைப் பத்தி நாங்க படிச்சதுல பெரும்பகுதி சிப்பாய்கள் கிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான்.

14/ கடைசியா பயிற்சி கொடுக்கிற அண்ணன்களுக்கு. ராணுவ ரேலியில 1.6 கி.மீ ஓட்டம் இருக்கு, புல்-அப்ஸ் இருக்கு, 9 அடி பள்ளம் தாண்டணும், ஜிக்ஜாக் பேலன்ஸ் இருக்கு. மணல் மூட்டை எங்கயும் இல்ல. இல்லாத பரீட்சைக்குப் படிச்சு, இருக்கிற புல்-அப்ஸுக்கான கையை அந்தத் தம்பி இழந்து நிக்கிறார்.

15/ பை மாட்டும்போது விரல் மரத்தா, கை பலம் குறைஞ்சா, உடனே இறக்குங்க. மறுநாளும் சரியாகலன்னா டாக்டரைப் பாருங்க. உங்க ஊர் கிரவுண்டுல காலைல மூட்டையோட ஓடுற ஒரு தம்பி இருப்பார். இதை அவர்கிட்ட காட்டுங்க.