மகளின் ஓப்பல் மோதிரம்

சுக்கிரனுக்கு வைரம் போட வசதியில்லாதவர்கள் ஓப்பல் போடலாம் என்று ஜோசியர் சொன்னார். அதை நம்பி மகளுக்கு ஒரு மோதிரம் வாங்கினேன். பில்லில் 'இயற்கைக் கல்' என்றே எழுதிக் கொடுத்தார்கள். பின்னால் வேறொருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, வண்ணத் திட்டுகளுக்குள் பல்லித்தோல் மாதிரி வரி ஓடுகிறது, இது ஆய்வுக்கூடத்தில் செய்தது என்றார். அன்று கழற்றியவள் திரும்பப் போடவில்லை. 'டூப்ளிகேட்' என்கிறாள்.

அந்தச் சொல்தான் எனக்குச் சம்மதமில்லை. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். அசல், நகல், போலி மூன்றும் வேறு வேறு. 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திய காகிதத்தை யாரும் போலி என்பதில்லை. மோதிரத்தில் பொய் இருந்தது பில்லில்தான்.

ஓப்பலில் சாயம் எதுவும் கிடையாது. ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள், பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கியதுபோல் வரிசையாக அமைந்து ஒளியைப் பிரிக்கின்றன. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் கண்டார்கள். குட்டு வெளிப்பட்டபின் செய்து பார்க்காமல் இருப்பார்களா? 1970-களில் பிரான்சின் பியேர் ழில்சோன் செய்து விற்கவே தொடங்கிவிட்டார். ஆல்கஹாலில் சிலிக்கன் சேர்மம் ஒன்றைக் கலந்து அம்மோனியா சேர்த்தால் உருண்டைகள் பிறக்கும். மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவை தானாகப் படிந்து அடுக்காகும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

அந்த உருண்டைகளின் இடுக்குகளில் யூரோப்பியம் உப்புக் கரைசலை ஊறவைத்துச் சூடேற்றினால், புற ஊதா விளக்கின் கீழ் கல் சிவப்பாக ஒளிரும். டெர்பியம் என்றால் பச்சை. இவற்றைப் பள்ளியில் பிரெஞ்சில் 'தெர் ரார்', அரிய மண், என்று படித்தோம். மண்ணும் இல்லை, அத்தனை அரிதும் இல்லை. சீரியம் செம்புக்கு ஏறக்குறைய சமமாகக் கிடைக்கிறது. யூரோப்பியத்தை 1901-ல் பிரித்தெடுத்தவர் தெமார்சே என்ற பிரெஞ்சுக்காரர். கல்லைச் சாய்த்தால் ஓப்பலின் வண்ணம் மாறும். யூரோப்பியத்தின் சிவப்பு அப்படியே நிற்கும்.

இதை ஆராய்ச்சியோடு விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. செயற்கை ஓப்பல் ஒவ்வொன்றிலும் துளி யூரோப்பியம் சேர்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இயற்கை ஓப்பலும் சில சமயம் ஒளிரும், ஆனால் பெரும்பாலும் வெள்ளை அல்லது பச்சை. ஆகவே சிவப்பே நல்ல முத்திரை. நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கு பல கடைகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஏற்கெனவே விற்றுப்போன என் மகளின் கல்லுக்கு இது உதவாதுதான். அதற்கு லென்ஸ்தான் கதி.