கள்ளக்குறிச்சி உளியும் நான்கு கம்பியும்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் தலைமுறைகளாக உளி பிடித்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது. சாமி உருவங்கள், கோயில் வாகனங்கள், வாசல் நிலைகள், சுவரில் மாட்டும் பலகைகள் என்று அந்தப் பட்டறைகளிலிருந்து வெளியேறும் பொருள்களின் வரிசை நீளமானது. அந்த வரிசையில் இன்னொன்றுக்கும் இடமிருக்கிறது: கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார்.

கேட்டவுடன் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் மேற்கத்திய இசைக்கருவிகளில் தச்சுப் பட்டறைக்கு இவ்வளவு கிட்டத்தில் நிற்பவை சிலவே. வயலினைப் போல மெல்லிய பலகையை வளைத்து ஒட்ட வேண்டியதில்லை. வீணையைப் போலக் குடம் குடைய வேண்டியதில்லை. 'பாடி' எனப்படும் ஒன்றே முக்கால் அங்குலக் கனமுள்ள ஒரு பலகை, அதில் பொருத்திய ஒரு நீண்ட நெக், நான்கு கம்பி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப். அடிப்படை இவ்வளவுதான்.

1951இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவர் கிட்டார் வாசிப்பவர் அல்ல, ரேடியோ பழுதுபார்ப்பவர். அதனால்தானோ என்னவோ, பழுதானால் எளிதில் மாற்றக்கூடிய கருவியாக அதை அமைத்தார். நெக்கைப் பாடியோடு பசையால் ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கினார். இன்று உலகெங்கும் தனியாட்கள் ஒரு இடத்தில் பாடியும், இன்னொரு இடத்தில் நெக்கும், வேறொரு இடத்தில் பிக்கப்பும் வாங்கித் தமக்கென்று ஒரு கருவியைக் கோத்துக்கொள்ள முடிகிறதென்றால், அதற்கு வழி திறந்தவை அந்த நான்கு திருகாணிகள்தாம்.

இப்படிக் கலந்து கட்டிய கருவிகள் மட்டமானவை என்று எண்ண வேண்டாம். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் புகழ்பெற்றதே தனித்தனியாக வாங்கிய பாடியையும் நெக்கையும் தானே பூட்டிய கிட்டாரால்தான். 'குவீன்' குழுவின் பிரையன் மே, 1963இல் தந்தையோடு உட்கார்ந்து தன் கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். நெக்குக்கு மரம் ஒரு பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து வந்தது. ஸ்பிரிங் ஒரு பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. பேஸ் உலகில் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட் எனும் உலோகத் தடுப்புகளை நீக்கிய தன் பழைய 'ஜாஸ் பேஸ்' கருவியின் விரல்பலகையில் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் தனி ஆல்பம் பேஸ் வாசிப்பின் போக்கையே மாற்றியது.

பணி எளிது என்று சொல்லவில்லை. கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். அதன் சரிபாதியில், 17ஆவது அங்குலத்தில், பன்னிரண்டாவது ஃப்ரெட் நிற்க வேண்டும். அங்கிருந்து, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை மறுபாதி. பிரிட்ஜ் முன்னே பின்னே நகர்ந்தால் சுருதி சேராது; பக்கவாட்டில் சாய்ந்தால் ஓரக்கம்பி விரல்பலகையை விட்டு நழுவும். சுருதி கூட்டிய நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ விசையோடு நெக்கை இழுக்கின்றன. அந்த இழுவைக்கு ஈடு கொடுக்கத்தான் நெக்குக்குள் இரும்புக் கம்பி ஒன்றை வைத்துத் திருகி வளைவைச் சரிசெய்கிறார்கள். நெக் உட்காரும் பள்ளம் இரண்டரை அங்குல அகலம், சுமார் 16 மில்லிமீட்டர் ஆழம். நெக்கை அதில் இறக்கினால் திருகாணி இல்லாமலே பிடித்து நிற்க வேண்டும்.  தேர்ச்சக்கரத்துக்கு மேல் நிற்கும் சிற்பத்தொகுதியை ஒன்றோடொன்று கவ்வவைக்கும் கைகளுக்கு இந்தப் பள்ளம் புதிய பாடம் அல்ல.

மரம்? கல்வராயன் மலைக் காட்டைத் தொடவே வேண்டாம். பட்டா நிலத்து வாகையும் பூவரசும் சிற்பிகளுக்குப் பழகிய மரங்கள்தாம். ஆனால் இரண்டும் கனம். முழுக் கருவியும் நான்கு கிலோவை ஒட்டி நின்றால்தான் இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள் தாங்கும். ஆகவே பாடியின் உள்ளே ஆங்காங்கே குடைந்து எடை குறைக்க வேண்டும், அல்லது விவசாயிகள் ஒட்டுப்பலகை ஆலைகளுக்காக வளர்க்கும் மலைவேம்பு போன்ற இலேசான மரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பலா, வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பேர்போனது. அது பேஸில் எப்படிப் பேசும் என்று கேட்டுப் பார்க்க ஆசைப்படாத இசைக்கலைஞர் இருக்க முடியுமா? எந்த மரமானாலும் ஈரம் நன்றாக வற்றியிருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த கருவி முதல் கோடையிலேயே முறுக்கிக்கொள்ளும்.

விரல்பலகைக்கு உலகம் நாடுவது இந்திய ஈட்டியை. அந்த மரத்தின் பேரினம் முழுவதையும் 2017 ஜனவரியில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். 2019இல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள். நம் மரம் பலகையாகக் கடல் கடந்து, அயல்நாட்டுக் கருவியில் ஒட்டப்பட்டு, பல மடங்கு விலையில் நம்மிடமே திரும்பி வருகிறது. வேலைப்பாட்டின் கூலி எந்த ஊரில் தங்குகிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பி. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத சிற்றூர் இந்த வட்டாரத்தில் அரிது. கம்பி மட்டும் தலைமுடி அளவுக்கு மெல்லியது, 0.063 மில்லிமீட்டர், சுற்றை எண்ணும் பொறுமை அதே. எர்த் இணைப்பில் மட்டும் கண்டிப்பு தேவை. திருவிழாப் பந்தலில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், கம்பியைத் தொட்ட கலைஞருக்கு ஷாக் அடிக்கும் ஆபத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்க் காதுக்குப் பேஸ் அந்நியமும் அல்ல. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வைப் பேஸ் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. இளையராஜாவிடம் சசிதரனும், ஏ.ஆர். ரகுமானிடம் கீத் பீட்டர்ஸும் வாசித்தவை தனியாக உட்கார்ந்து கேட்கத் தக்கவை. ஆனால் ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயில் போன்ற ஓர் ஊர்க்கோயில் திருவிழாவுக்கு வரும் மெல்லிசைக் குழுவைப் பாருங்கள். பெரும்பாலும் பேஸ் கிட்டார் இருக்காது. கீபோர்டு வாசிப்பவரின் இடது கை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். நல்ல கருவிக்கு விலை எட்டவில்லை. மலிவானது இரண்டு திருவிழா தாங்குவதில்லை. பழுதானால் பார்க்க அருகில் ஆள் இல்லை.

வாசிப்பவரும் செய்பவரும் ஒருவரையொருவர் எட்டும் தூரத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் காவிரிக்கரையில் சான்று உண்டு. திமிரி வகை நாகஸ்வரத்தில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசாத குறையை நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை உணர்ந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதற்கு விடையாகப் பாரி நாகஸ்வரத்தைச் செய்து தந்தார். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிச் செய்யும் அந்த ஊர்க் கருவிக்கு 2022இல் புவிசார் குறியீடும் வந்தது. ஒரு கலைஞரின் தேவை ஒரு கருவியின் வடிவத்தையே திருத்தியது. தனக்கென்று பேஸ் செய்துகொள்ள விரும்பும் இளைஞர் கேட்பதும் இதைத்தான்: என் கைக்கு ஏற்ற கனத்தில் நெக், என் தோளுக்கு ஏற்ற எடை, என் பாட்டுக்கு ஏற்ற நாதம்.

இன்னும் பக்கத்திலும் சான்று இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019இல் பிரிந்து வந்த தாய் மாவட்டமான விழுப்புரத்தில்தான் ஆரோவில் இருக்கிறது. அங்கே எரிசா நியோகி கையால் கிட்டார் செய்கிறார். 'ஸ்வரம்' என்ற பட்டறை, 2003 முதல் சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்கு இசைக்கருவி செய்யும் தொழிலைக் கற்றுத் தருகிறது. கிராமத்துப் பிள்ளைகளால் இது முடியுமா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் இங்கேயே செய்ய வேண்டாம். நெக், பிரிட்ஜ், சுருதி முறுக்கி ஆகியவற்றை வெளியிலிருந்து வாங்கி, பாடியை மட்டும் இங்கே செதுக்கலாம். கை பழகியபின் பிக்கப், கடைசியில்தான் நெக். பாடியின் முகப்பில் யாளியோ கொடிக்கருக்கோ ஓடினால், அதைப் போன்ற கருவி உலகில் வேறு எங்கும் இருக்காது.

பணத்துக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் ரூ.3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.50,000, மானியமும் உண்டு. 35 வயது நிரம்பியவர்களுக்கே அது என்பது சரியான ஏற்பாடு. பிள்ளைகளைப் படிப்பிலிருந்து இழுத்துக் குலத்தொழிலில் தள்ளக் கூடாது. அதே காரணத்தால், கருவி செய்யும் பயிற்சி எந்தச் சாதியில் பிறந்தவரும், ஆணோ பெண்ணோ, விரும்பிச் சேரும் படிப்பாக இருக்க வேண்டும். அதற்குரிய இடம் தொழிற்பயிற்சி நிலையம்.

மாவட்ட நிர்வாகமும் தமிழக அரசின் கைவினை நிறுவனமான பூம்புகாரும் கைகோத்து, கள்ளக்குறிச்சிச் சிற்பிகளையும் கிட்டார் செய்யத் தெரிந்தவர்களையும் ஒரே பட்டறையில் உட்காரவைத்து, முதல் பத்துக் கருவிகளைச் செய்து பார்க்கட்டும். அவற்றை ஊர் மெல்லிசைக் குழுக்களிடம் கொடுத்து, குறைகளைக் கேட்டுத் திருத்தட்டும். சென்னையிலும் கோவையிலும் புதிய பேஸ் வாங்கக் காத்திருக்கும் கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த கருவியின் பாடியை மட்டுமாவது கள்ளக்குறிச்சிப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்யுங்கள், அளவுத்தாளோடு நேரில் வாருங்கள்.