பழைய ஸ்டூலில் லேஸ் டிசைன்... உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் இதைப் படிங்க!

ஒரு பழைய டீப்பாய். அதன் மேல் லேஸ் துணி. ஸ்ப்ரே டப்பாவை எடுத்து 'உஸ்ஸ்' என்று இரண்டு அடி. துணியைத் தூக்கினால் பலகை முழுக்கப் பூப்பூவாக டிசைன். ரீல்ஸில் 30 விநாடியில் பார்க்கும்போது, "அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும்.

செய்வதும் சுலபம்தான். ஆனால், அந்த 30 விநாடியில் பெரும்பாலும் காட்டாத ஒரு வேலை இருக்கிறது. அது, பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுப்பது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

எந்த மரத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலையில் இருக்கும் ஆலத்தூர் நாடு. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்துவிட்டால், தடுக்கி விழுந்தால் பலா மரம்தான். காபிக்கு நிழல் தரவும், மிளகுக்கொடி ஏற்றவும் வளர்க்கிற சில்வர் ஓக்கும் நிறைய உண்டு.

இந்த இரண்டில் பலா மரச் சாமான் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். வெட்டியதும் மஞ்சளாக இருக்கும் பலா வைரம், வருஷம் போகப் போகச் செம்பழுப்பாக மாறும். கரையான் லேசில் தொடாது. தஞ்சாவூரில் வீணை செய்வதும் இந்த மரத்தில்தான். துடைத்து, பாலிஷ் மட்டும் போட்டால் போதும். தேக்குக்கும் இதே கதைதான்.

சில்வர் ஓக், பிளைவுட், ஏற்கெனவே பெயின்ட் அடித்த ஸ்டூல், தகர டிரங்குப் பெட்டி... இவைதான் லேஸ் டிசைனுக்குச் சரியான ஆட்கள். என்ன மரம் என்று தெரியவில்லையா? அடிப்பக்கம் ஓர் ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் இல்லாத இடமாக இருக்கட்டும். சிறு ஓட்டைகளும் கீழே மாவு மாதிரி தூளும் இருந்தால் உளுத்த மரம். முதலில் பூச்சி மருந்து, அப்புறம்தான் அலங்காரம்.

பழைய பெயின்ட்டில் ஒளிந்திருக்கும் ஈயம்

இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்பு வந்த எனாமல் பெயின்ட்டுகளில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் தாராளமாகக் கலந்திருந்தது.

பெயின்ட் சுவரிலோ, மேசையிலோ உரியாமல் இருக்கும்வரை பெரிய பிரச்னை இல்லை. காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் அது தூசியாகிறது. தரையில் தவழும் பிள்ளையின் கைக்கு வந்து, வாய்க்குள் போகிறது. ஈயம் பாதிப்பது வளரும் மூளையை. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் சொன்னது. அதற்கான பல காரணங்களில் பெயின்ட்டும் ஒன்று.

எனவே, 2017-க்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

* பழைய பெயின்ட் கெட்டியாக இருந்தால் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டாம். பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும்.
* வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். மெஷின் வேண்டவே வேண்டாம்.
* வேலை வீட்டுக்கு வெளியே, கீழே பாலித்தீன் விரித்து நடக்கட்டும். முகத்தில் என்-95 மாஸ்க். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக் கூடாது.
* பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். உடை மாற்றி, கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.
* பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது என்றால் அந்தச் சாமானை விட்டுவிடுங்கள். அதற்காக உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். ஈயம் புகையிலும் சாம்பலிலும் வந்துவிடும்.

இப்போது லேஸுக்கு வருவோம்

பலரும் குழம்புவது நிறத்தில்தான். ஸ்ப்ரே போய் உட்காருவது லேஸின் ஓட்டைகளில். நூல் மறைத்த இடத்தில் தெரிவது அடிக்கோட்டிங் நிறம். வெள்ளை லேஸ் விரித்த மாதிரி தெரிய வேண்டுமானால், அடியில் வெள்ளை, மேலே நீலமோ பச்சையோ அடிக்க வேண்டும்.

பிரைமர், அதன் மேல் அடிக்கோட்டிங் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். லேஸைச் சுருக்கமில்லாமல் இழுத்து, ஓரங்களில் மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். ஓர் அடி தூரத்தில் டப்பாவை நேராகப் பிடித்து, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் நூலுக்கு அடியில் பெயின்ட் ஓடி டிசைன் கரைந்துவிடும். சில நிமிஷம் கழித்து, இழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள். முதல் முயற்சி அட்டையில் இருக்கட்டும். அடுப்பு, விளக்குப் பக்கம் ஸ்ப்ரே கூடவே கூடாது.

மெஷின் லேஸ், கிழிந்த திரைச்சீலை போதும். பாட்டி காலத்துக் கைப்பின்னல் லேஸைப் பலி கொடுக்காதீர்கள். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்கின்றன மிஷன் பதிவுகள். அப்படிப்பட்ட உழைப்பை ஸ்ப்ரேயில் நனைக்க மனசு வருமா? லேஸே இல்லை என்றால் பிளாஸ்டிக் கோல அச்சு இருக்கிறதே, அதுவும் அழகாக வரும்.

மலை வாசிகளுக்கு ஒரு வார்த்தை

ஆடி மாதம் வல்வில் ஓரி விழா சமயத்து ஈரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பனிமூட்டத்தில் பெயின்ட் காயாது. வார்னிஷ் வெளுத்துப் போகும். தை, மாசியில் வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். முடிவாக, தண்ணீரில் கலக்கும் கிளியர் வார்னிஷ் இரண்டு கோட்டிங். எண்ணெய் வார்னிஷ் வெள்ளை நிறத்தை மஞ்சளாக்கிவிடும்.

தொட்டால் காய்ந்தது போல இருக்கும். ஆனாலும் ஒரு வாரம் கனமான எதையும் வைக்காதீர்கள். அதற்குப் பிறகு டீப்பாயைக் கூடத்தில் போட்டு, மேலே காபி டம்ளரை வைத்து, வருகிறவர்கள் "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்பதை ரசியுங்கள்!