கேமராவில் வைஃபை இருக்கு... ஆனா நெட் இல்லை!

போன மாதம் சாயர்புரத்தில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் அண்ணனுக்குக் கப்பலில் வேலை. லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் கப்பல் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றது. "நம்ம ஊர் நேரத்துக்கு ஒரு மணிக்குக் கெளம்பிருவோம். அப்புறம் நாலஞ்சு நாளைக்கு சிக்னல் இருக்காது. தாலி கட்டுற போட்டோ மட்டும் அனுப்பிரு" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

சர்ச்சில் தாலி கட்டி முடிந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மொபைலில் எடுத்தவர்களின் படத்திலெல்லாம் முன்வரிசைத் தலைகள். நல்ல படம் என் கேமராவில் மட்டும்தான். கார்டு ரீடரோ சென்னையில்! கேமராவில்தான் வைஃபை இருக்கிறதே என்று தைரியமாக ஆன் செய்தேன். மொபைல் கனெக்ட் ஆகும். அரை நிமிடத்தில் அறுந்துவிடும். ஐந்தாறு முறை இதே கதை. "போட்டோ போயிட்டா? கப்பல் கெளம்பிருமாம்லா!" என்று சித்தி வேறு.

அப்புறம்தான் உறைத்தது. கேமராவின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. வீட்டு ரவுட்டர் போல அது வெளியுலகத்தோடு இணைவதில்லை. பக்கத்தில் இருக்கும் மொபைலோடு பேச மட்டும் ஒரு சின்ன நெட்வொர்க்கைக் கேமராவே உருவாக்குகிறது. 'இதில் நெட் இல்லையே' என்று மொபைல் தானாக டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை இப்படிச் செய்யுங்கள்...

1. உங்கள் கேமராவுக்கான ஆப்பை முதலில் இன்ஸ்டால் செய்யுங்கள். கேனானுக்கு 'கேமரா கனெக்ட்', நிக்கானுக்கு 'ஸ்னாப்பிரிட்ஜ்'. ஆப் கேட்கும் ப்ளூடூத், லொக்கேஷன் அனுமதிகளைக் கொடுங்கள்.

2. கேமரா மெனுவில் வைஃபையை ஆன் செய்தால், நெட்வொர்க் பெயரும் பாஸ்வேர்டும் திரையில் தெரியும். மொபைலின் வைஃபை செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

3. மொபைல் டேட்டாவை ஆஃப் செய்யுங்கள். விபிஎன் இருந்தால் அதையும். 'இன்டர்நெட் இல்லை, தொடரவா?' என்று மொபைல் கேட்டால், 'ஆம்' கொடுங்கள்.

4. அவசரத்துக்குப் படத்தின் சைஸைக் குறைத்து மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் பார்க்க அதுவே தாராளம். ரா ஃபைல்களைப் பிறகு கார்டு ரீடரில் எடுத்துக்கொள்ளலாம்.

5. படம் மொபைலுக்கு வந்ததும் கேமரா வைஃபையைத் துண்டித்து, டேட்டாவை ஆன் செய்து அனுப்புங்கள். வைஃபை ஆனிலேயே இருந்தால் கேமரா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாதுகாப்புக்கும் ஒரு வார்த்தை. கேனான் இஓஎஸ் 80டி கேமராவுக்குள் வைஃபை வழியாக நுழைந்து, படங்களையே பூட்டிவிட முடியும் என்று 2019 ஆகஸ்ட்டில் செக் பாயின்ட் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். கேனான் அதற்கு ஃபர்ம்வேர் அப்டேட் வெளியிட்டது. எந்த கேமராவாக இருந்தாலும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பொது இடத்து வைஃபையில் கேமராவை இணைக்காதீர்கள்.

முக்கியமாக, இதையெல்லாம் முந்தின நாளே ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள். நான் பார்க்கவில்லை, அதனால்தான் சர்ச் வாசலில் அந்தப் பாடு!

டேட்டாவை ஆஃப் செய்த பிறகு மூன்று படங்கள் மொபைலுக்கு வந்தன. பன்னிரண்டு ஐம்பதுக்கு அனுப்பினேன். உடனே நீல டிக். அண்ணனிடமிருந்து ஒரே வரி: "அம்மா ஏன் அழுதுட்டு இருக்கா?"

சித்தியிடம் காட்டினேன். "சந்தோசத்துலதான்னு சொல்லு" என்றார். டைப் செய்து அனுப்பினேன்.

ஒற்றை டிக்தான் விழுந்தது.