புளிப்பில்லாததைப் போத்தலில் அடைக்காதீர்



இம்முறை ஒரு தவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தவறு என்னுடையது. அதனால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் நேர்ந்திருக்கக்கூடும். ஆகவே நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, வீட்டுக்குப் பின்னால் மேட்டுப் பாத்தி போட்டுக் காய்கறி பயிரிடுவது பற்றிப் பேசினேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது ஒரு கட்டுக் கீரைக்கு நாம் பட்ட பாட்டை நினைவுபடுத்தினேன். 1974-ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் ‘புக்கு ஹிஜாவ்’ என்னும் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் காய்கறி போடச் சொன்னதையும் எடுத்துக் கூறினேன். பேச்சின் முடிவில், “மிஞ்சியதைப் போத்தலில் அடைத்து வையுங்கள், மாதக்கணக்கில் இருக்கும்” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எதை அடைக்கலாம், எதை அடைக்கக்கூடாது என்று சொல்லவில்லை.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என் சொல்லை அப்படியே ஏற்றுச் செய்தார். லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டி, பயித்தங்காய் போட்டார். நல்ல விளைச்சல். ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல்.

“டீச்சர், இது நம்ம பாத்தியில காச்சது. ஆறு போத்தல் போட்டேன். ஒன்னு உங்களுக்கு. மத்தது ஜொகூர்ல வேலை செய்யற மகனுக்கு. நாளைக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போவான்.”

வாங்கிப் பார்த்தேன். மூடியின் நடுப்பகுதி லேசாக மேலே உப்பியிருந்தது.

“அக்கா, இதுல என்ன ஊத்துனீங்க?”

“உப்புத் தண்ணிதான் டீச்சர். போத்தலோட அரை மணி நேரம் கொதிக்க வச்சேன். மூனு வாரம் ஆச்சு. சுத்தமாத்தான் செஞ்சேன்.”

அவர் சுத்தமாகத்தான் செய்திருந்தார். குறை சுத்தத்தில் இல்லை. அவருடனே வீட்டுக்குப் போய் மற்ற ஐந்தையும் பார்த்தேன். ஒன்று உப்பியிருந்தது. நான்கு பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆறையும் எறிந்துவிட வேண்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

“இந்த நாலும் நல்லாத்தானே இருக்கு? கெட்ட வாடைகூட இல்லையே டீச்சர். எவ்வளவு பாடுபட்டு வளத்தேன்!”

அந்தக் கேள்விக்கு அன்று அவரிடம் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

மண்ணில் எங்கும் வாழும் நுண்ணுயிர்களுள் ஒன்று கிளஸ்டிரிடியம் பொட்டுலினம். மண்ணில் விளைந்த காய் எதுவானாலும் அதன் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படும் இடத்தில் அவை முளைப்பதில்லை. கழுவிச் சமைத்து அன்றே சாப்பிடும்போது நமக்குக் கெடுதல் இல்லை. ஆனால் காற்றுப் புகாத போத்தல், ஈரம், நம் ஊர்ச் சூடு, புளிப்பில்லாத காய் ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். உணவு நஞ்சுகளில் இதைவிடக் கொடியது இல்லை என்றே சொல்லலாம்.

“கொதிக்க வைத்தோமே?” என்று கேட்பீர்கள். தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் சாதாரணக் கிருமிகள் செத்துவிடும். இந்த வித்துகள் சாகா. இவற்றை அழிக்க 116 முதல் 121 பாகை வரை சூடு வேண்டும். அந்தச் சூடு அழுத்தத்தில் வைத்த நீராவியில்தான் கிடைக்கும். சார்டின் டின் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பது, தொழிற்சாலையில் டின்னை மூடிய பிறகு அழுத்த நீராவியில் வேகவைப்பதால்தான். நம் வீட்டுச் சிறிய பிரஷர் குக்கர் இதற்கு ஆகாது. அது விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும். போத்தலின் நடுவரை போதிய நேரம் சூடு நிற்காது. இந்த வேலைக்கென்றே அழுத்தமானியோடு செய்யப்பட்ட பெரிய பாத்திரம் உண்டு. அது இல்லாதவர்கள் இந்த வழியில் இறங்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உப்பிய மூடி கெட்டுப்போனதற்கு அடையாளம். ஆனால் உப்பாத மூடி நல்லது என்பதற்கு அடையாளமன்று. இந்த நஞ்சுக்கு நிறமில்லை, பல நேரங்களில் வாடையும் இல்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. சாப்பிட்டவருக்குப் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள், கண் இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, பின்பு மூச்சே தடைப்படும். இந்தக் குறிகளைக் கண்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதையெல்லாம் கேட்டதும் அந்த அக்கா வெகுநேரம் பேசவில்லை. “என் மவன் தின்னிருப்பானே டீச்சர்” என்று மட்டும் சொன்னார். எனக்கும் அதே நினைப்புத்தான். ஆறு போத்தலையும் திறக்காமல், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, பிள்ளைகளும் நாய் கோழிகளும் தொடமுடியாதபடி குப்பையில் சேர்த்தோம்.

பிறகு பாத்தியைப் போய்ப் பார்த்தேன். அங்கேதான் இரண்டாவது தவறு தெரிந்தது. 32 சதுர அடிப் பாத்தி முழுவதும் பயித்தங்காய். ஒரே நாளில் விதைத்ததால் ஒரே வாரத்தில் காய்த்துத் தள்ளியது. பாத்தியைச் சரியாகப் பிரித்திருந்தால் இத்தனை காய் ஒருசேர மிஞ்சியிருக்காது.

ஆகவே, புதிதாகப் பாத்தி போடுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்து நிலமானால் முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். அகலம் 4 அடி, நீளம் 8 அடி, உயரம் 1 அடி போதும். 4 அடிக்கு மேல் அகலம் போனால் நடுவிலுள்ள செடிக்குக் கை எட்டாது; பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிவிடும். நம் நாட்டு மழைக்குச் சமதரையில் போட்ட செடியின் வேர் அழுகும். மேட்டுப் பாத்தியில் நீர் வடிந்து வேருக்குக் காற்றுக் கிடைக்கும். ஓரத்துக்குச் செங்கல்லோ பலகையோ வைக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால் மண்ணையே சரிவாக அணைத்துவிடுங்கள். பழைய டயர் வேண்டாம். அதில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசுவை வளர்க்கும்.

நம் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். அந்த அளவுப் பாத்திக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சுண்ணாம்புக் கல் தூளைக் கலந்து இரண்டு வாரம் ஆறவிடுங்கள். பிறகு நன்றாக மக்கிய மாட்டெருவோ கோழி எருவோ சேருங்கள். பச்சைக் கோழி எருவைப் போட்டால் வேர் கருகும்.

இனிப் பாத்தியை நான்காகப் பிரியுங்கள். முதல் கால் பகுதியில் கங்கோங், கீரை போடுங்கள். 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். பறித்த இடத்தில் மறுபடியும் விதைக்கலாம். இரண்டாவது பகுதியில் ஓரடி இடைவெளியில் நான்கு குழி, குழிக்கு இரண்டு பயித்தங்காய் விதை. மூன்று வாரம் கழித்து இன்னும் நான்கு குழி. முதல் காய் வர 45, 50 நாள் ஆகும். முதல் வரிசை ஓயும்போது இரண்டாவது வரிசை கைகொடுக்கும். மூன்றாவது பகுதியில் நான்கு வெண்டை. நான்காவதில் இரண்டு மிளகாய், ஒரு கத்தரி. பயித்தங்காயையும் வெண்டையையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவிட வேண்டும். முற்றவிட்டால் காய்ப்பும் குறையும். இப்படிச் செய்தால் அன்றாடக் கறிக்குப் போதுமான அளவு வரும், குவியலாக வராது.

அதற்கு மேலும் மிஞ்சினால் என்ன செய்வது? முதலில் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். குளிர்பெட்டியில் உறைபகுதி உள்ளவர்கள், காயை நறுக்கிக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆறவைத்து, ஈரம் வடித்துப் பையில் கட்டி உறைய வைக்கலாம். பல மாதம் இருக்கும். நல்ல வெயில் காலமானால் மிளகாயையும் கத்தரியையும் உப்பிட்டு வற்றல் போடலாம்.

போத்தலில்தான் வைக்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. அது புளிப்பு. காரகாடிச் சோதனையில் 4.6-க்குக் குறைவான அளவு காட்டும் புளிப்பில் அந்த வித்து முளைக்காது. நம் பாட்டிமார் போட்ட எலுமிச்சை ஊறுகாயும், பாசாரில் விற்கும் ஆச்சாரும் புளிப்பின் பலத்தில்தான் நிற்கின்றன. ஆகவே பயித்தங்காயை வினிகரில் போட வேண்டும்.

அளவு இது: பிஞ்சுப் பயித்தங்காய் 900 கிராம், வினிகர் 2 கப், தண்ணீர் 2 கப், அயோடின் கலக்காத உப்பு கால் கப், பூண்டு 4 பல், காய்ந்த மிளகாய் 4. வினிகர் போத்தலில் 5 விழுக்காடு அமிலம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புளிப்பு அதிகமாயிருக்கிறதென்று வினிகரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். வேண்டுமானால் கொஞ்சம் சீனி சேர்க்கலாம்.

காயைக் கழுவி, போத்தல் உயரத்துக்கு நறுக்குங்கள். அரை லிட்டர்ப் போத்தல் நான்கைச் சுத்தமாகக் கழுவிச் சுடுநீரில் வைத்திருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பல் பூண்டு, ஒரு மிளகாய் போட்டு, காயை நெருக்கமாக அடுக்குங்கள். வினிகர், தண்ணீர், உப்பு மூன்றையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து, காய் மூழ்கும்படி சூடாக ஊற்றுங்கள். விளிம்புக்குக் கீழே அரை அங்குலம் இடம் விடவேண்டும். விளிம்பைத் துடைத்து, புதிய மூடியால் மூடுங்கள். பழைய ஜாம் மூடி சரியாக இறுகாது. அடியில் துணி விரித்த பெரிய பானையில் வைத்து, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம் வையுங்கள். கேமரன் மலையில் இருப்பவர்கள் இன்னும் 5 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். ஆறியபின் மூடி நடுவில் குழிந்திருக்க வேண்டும். குழியாத போத்தலைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் சாப்பிட்டுவிடுங்கள். மற்றவை இரண்டு மூன்று வாரத்தில் ருசி பிடிக்கும். திறந்த போத்தல் எதுவானாலும் குளிர்பெட்டிக்குப் போகவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பூண்டையோ பச்சை மிளகாயையோ வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைக்காதீர்கள். எண்ணெய் காற்றைத் தடுக்கும், புளிப்பைத் தராது. ஆபத்து ஒன்றுதான்.

போத்தலில் அடைத்து உணவைக் காக்கும் முறையைக் கண்ட பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேருக்கு 1810-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு 12,000 பிராங்க் பரிசளித்தது. உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்ற காரணம் அவருக்கே தெரியாது. உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்களே என்பது அதன்பிறகுதான் தெளிவாயிற்று. நமக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் விட்டது என் குற்றம்.

அடுத்த வாரமே அந்த அக்காவின் அடுப்படியில் இருவருமாக நான்கு போத்தல் வினிகரில் போட்டோம். மகள் காகிதத்தில் தேதி எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். ஒரு மாதம் கழித்து மகன் இரண்டு போத்தல் கொண்டுபோனானாம். “அவனோட இருக்கிற பையனுங்க ஒரே நாள்ல காலி பண்ணிட்டானுங்களாம் டீச்சர்” என்று சிரித்தார். இப்போது அவர் பாத்தி நான்கு பகுதியாகத்தான் இருக்கிறது.

வரும் பெற்றோர் கூட்டத்தில் நான் முதலில் பேசப்போவது பாத்தியைப் பற்றியல்ல, போத்தலைப் பற்றி. அதற்குள் உங்களில் யாராவது புளிப்பில்லாத காயை அடைத்து வைத்திருந்தால், மனம் வராவிட்டாலும் எறிந்துவிடுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டி அடுப்படியில் ஒட்டி வைத்தால் மகிழ்வேன்.